ஐந்து மாதமாகக் கடலில் மிதக்கும் லென்ஸ்

மயிலாப்பூர்,
கச்சேரி ரோடு பின்சந்து.
பங்குனி பிறந்து நாலாம் நாள், கொசு கடிக்கும் நேரம்.

மகா கனம் பொருந்திய தாய்மாமன் கருணாகரன் அவர்களுக்கு, தங்கள் ஒரே அக்காளின் ஒரே மகள், பதினோராம் வகுப்பு 'ஆ' பிரிவு அறிவுச்செல்வி, அநேக வணக்கங்களுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், அப்பா, அம்மா மூவரும் ஒருவரையொருவர் சந்தேகித்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். அவ்விடம் தாங்களும், தங்கள் பீரோவும், பீரோவுக்குள் தாங்கள் பூட்டி வைத்திருப்பதும் நலம்தானா?

மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் நடுவில் இருப்பது ஒரு ஆறு, ஒரு பாலம், இதற்குப் போய் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று தாங்கள் கேட்கலாம். என் போனை அப்பா ஸ்டூடியோ மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டி ஐந்து மாதம் பன்னிரண்டு நாள் ஆகிறது. "அந்த லென்ஸு என்னிக்கு வருதோ அன்னிக்குதான் உனக்குப் போனு" என்று தீர்ப்பு. அப்பா கூப்பிட்டால் தாங்கள் எடுப்பதில்லை. அம்மா கூப்பிட்டால் எடுத்து, "சிக்னல் இல்லக்கா" என்று தெளிவான குரலில் சொல்லி வைத்துவிடுகிறீர்கள். அதனால் நாளைக் காலை ஆட்டோ வெங்கடேஷ் அண்ணன் மூலம் அம்மா தங்களுக்கு அனுப்பும் எலுமிச்சை ஊறுகாய்ப் பாட்டிலுக்கு அடியில் இந்தக் கடிதம் வருகிறது. இதற்குச் சிக்னல் வேண்டாம். இன்னொன்று, 'தாங்கள்' எழுதிக் கை வலிக்கிறது. இனி நீதான். மரியாதை இந்தப் பாராவோடு தீர்ந்துவிட்டது.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் நாளைக்கு இந்தக் கடிதம் கோர்ட்டில் தாக்கலானால் நீதிபதிக்குப் புரிய வேண்டுமே என்பதற்காக முதலிலிருந்து சொல்கிறேன். முருகையன் போட்டோ ஸ்டூடியோ என்றால் மயிலாப்பூரில் யாரும் என் அப்பா முருகையனை நினைப்பதில்லை, அவருடைய எண்பத்தைந்து நம்பர் லென்ஸைத்தான் நினைக்கிறார்கள். அந்த லென்ஸில், வரன் பார்க்கக் கொடுக்கும் கல்யாணப் போட்டோ எடுத்த பெண்ணுக்கு நாற்பது நாளில் மாப்பிள்ளை அமையும் என்று பேச்சு. முதலில் யார் கிளப்பினார்களோ தெரியாது, அப்பா என்று எனக்குச் சந்தேகம். தி.நகரில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் சுயம்புலிங்கம் அண்ணாச்சி எட்டு வருஷத்துக்கு முன் மூத்த மகளை அதில் எடுத்தார், முப்பத்தெட்டாம் நாள் நிச்சயம். அன்றிலிருந்து அது வெறும் லென்ஸ் இல்லை, ராசியான லென்ஸ். அதற்கு அப்பா தினமும் ஊதுபத்தி காட்டுவார். எனக்குக் காட்டுவது விரலை மட்டும்தான்.

இப்படிப்பட்ட லென்ஸை ஆயுத பூஜையன்று அப்பா வழக்கம்போல் பலகையில் வைத்தார். பக்கத்தில் கேமரா, டிரைபாட், போட்டோ வெட்டும் கத்தரி, அம்மாவின் மிக்சி, தெருவில் அவருடைய ஸ்கூட்டர். அம்மா எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். பூஜை முடிந்தால் மறுநாள் வரைக்கும் ஆயுதத்தைத் தொடக்கூடாது அல்லவா, அப்படியே விட்டோம். மறுநாள் விஜயதசமி, முதல் போட்டோ எடுக்கலாம் என்று அப்பா லென்ஸைக் கையில் எடுத்தவர் அலறிய அலறலில் எதிர்வீட்டுப் பூனை இன்னும் எங்கள் பக்கம் வருவதில்லை. மூடி கழன்று கிடந்தது, கண்ணாடியின் மேலேயே சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம். துடைத்துப் பார்த்தால் உள்ளே மேகம் போல் மூட்டம். வளையத்தைத் திருகினால் திரும்பவில்லை.

"இன்னா தேவானை இது? கண்ணாடி மேலயா பொட்டு வெப்பாங்க? கண்ணுக்குள்ள வெச்சா மாதிரி கீதே!" என்று அப்பா.

"நான் மூடி மேலதான் வெச்சேன். மூடியக் கழட்டுனது எவ கையோ" என்று அம்மா.

எவ கை என்றதும் எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். வீட்டுக்குச் சுண்டல் சாப்பிட வந்திருந்த நீயும் பார்த்தாய். ஒப்புக்கொள்கிறேன், எனக்குக் கொஞ்சம் முன்வரலாறு உண்டு. போன வருஷம் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்த ரிட்டயர்டு அதிகாரியிடம், "புது ரூல் சார், ஒரு புருவத்த மட்டும் தூக்கிக்கினு இருக்கணும்" என்று நான் சொன்னதும், அவர் அப்படியே எடுத்துக்கொண்டு பாஸ்போர்ட் ஆபீஸ் வரைக்கும் போய்த் திரும்பி வந்ததும் உண்மைதான். அதற்காக ஊரில் எந்த மூடி கழன்றாலும் நானா? போன் அன்றைக்கே போயிற்று.

இது போதாதென்று இரண்டாவது வழக்கு வேறு. அதே மாடலில் இன்னொரு லென்ஸை, பூஞ்சை பிடித்து வளையம் இறுகிப்போனதை, ஸ்பேர் பார்ட்டுக்கு ஆகும் என்று அப்பா எப்போதோ பழைய சாமான் கடையில் வாங்கி வைத்திருந்தார். அவசரத்துக்குத் தேடினால் அது அலமாரியில் இல்லை. பூஜைக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது அம்மா அதைக் காயலான் கடையில் போட்டுவிட்டாள் என்பது அப்பா கட்சி. "நான் போட்டது உங்க ஓட்டை ஃபேன மட்டும்தான்" என்பது அம்மா கட்சி. அன்று தொடங்கி அப்பா காபியில் சர்க்கரை குறைந்தாலும் காயலான் கடைதான் காரணம்.

அப்போதுதான் நீ கடவுள் மாதிரி எழுந்து நின்றாய். பாண்டி பஜார் பக்கம் கேமராக் கடையில் வேலை செய்யும் தைரியம். "மாமா, பதறாத. எங்க கடைல குடுத்தா ரெண்டு நாள்ல கண்ணாடியாட்டம் ஆக்கிடுவான்" என்று அப்பாவிடம் சொன்னாய். அது கண்ணாடிதானே என்று நான் கேட்டதற்கு முறைத்தாய். கைக்குட்டையில் சுற்றி எடுத்துப்போன மூன்றாம் நாள் வந்து, அந்த மாடலையே கம்பெனி நிறுத்திவிட்டது, பார்ட்ஸ் கிடைக்காது, அதற்குப் பதிலாகப் புது மாடல் வரப்போகிறது, பழசைக் கொடுத்துப் புதுசை வாங்கிக்கொள்ளலாம், பதினைந்தே நாள் என்றாய். கார்த்திகையில் கேட்டோம், ஜப்பானில் சிப்பு இல்லை என்றாய். மார்கழியில் கேட்டோம், சிப்பு வந்துவிட்டது, ஷிப்பு வரவில்லை என்றாய். தையில் கேட்டதற்குக் கப்பல் கொழும்பில் நிற்கிறது என்றாய். சிப்பு, ஷிப்பு முடிந்தது, இனி சீப்பு, சோப்பு, கண்ணாடி என்று சீர்வரிசைத் தட்டுதான் பாக்கி என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது. என் வாயில் சனி உட்கார்ந்திருந்தானோ என்னவோ, அதே தை மாதம் உனக்கும் மணிமொழி அத்தைக்கும் நிச்சயதார்த்தம்!

மாமா, நான் சந்தோஷப்பட்டேன். நாலு இடம் வந்து நாலும் கைநழுவிப் போய், முப்பத்தாறு வயதில் ஐந்தாவது இடம் அமைந்தால் யார்தான் சந்தோஷப்படமாட்டார்கள்? ஆனால் மண்டப வாசலில் உன் பேனரைப் பார்த்ததும் என் சந்தோஷம் செருப்பைக் கழற்றாமலே திரும்பிவிட்டது. பத்தடி உயரத்தில் நீ. முகத்தில் பனி இறங்கியது போல் ஒரு மூட்டம், இடது காதுக்கு மேலே சிவப்பாக ஒரு வட்டம். பந்தலுக்கு வந்த சமையல்காரர், "தம்பி எந்தக் கட்சி?" என்று கேட்டார். எல்லோரும் டிசைன் என்று நினைத்தார்கள். எனக்குத் தெரியும் அது என்ன என்று. எங்கள் வீட்டுக் குங்குமம். துடைத்தும் போகாமல் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிக்கொண்ட எங்கள் வீட்டுக் குங்குமம்! வளையம் திரும்பாத லென்ஸில் ஒரே ஒரு தூரத்தில் நின்றால்தான் ஆள் ஓரளவாவது தெரிவார். நீ சுவரோடு ஒட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அசைந்தால் உதைப்பார்கள் என்பது போல் நின்றிருந்தாயே, இதுதான் காரணமா?

சந்தேகம் வந்தபின் சும்மா இருப்பவள் இந்த அறிவு இல்லை. போன சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு, ஓசி டிக்கெட்டில் பஸ் ஏறி, நீ சாப்பிடப் போகும் நேரம் பார்த்து உன் கடைக்குப் போனேன். கவுன்டரில் சர்தார் பாய் இருந்தார்.

"எண்பத்தஞ்சு புது மாடல் வந்துட்ச்சா பாய்?"

"எப்பவோ வந்துட்ச்சு பாப்பா. பொங்கலுக்கு மொத நாளே வந்துது. நம்ம கருணாதான் மொத ஆளா எடுத்துக்கினு போனான்."

"பழசக் குடுத்துட்டாரா?"

"எங்க குடுத்தான்! வைகாசி வரைக்கும் டைம் குடு பாய், கால்ல வுழறேன்றான். ஸ்டாஃப் ஆச்சேன்னு வுட்டுக்கினு கீறேன். உடைஞ்ச லென்ஸ வெச்சிக்கினு இன்னாதான் பண்றானோ. தலமாட்டுல வெச்சித் தூங்கறான்னு சொல்றாங்கோ."

வைகாசி! உன் கல்யாணம் வைகாசி. அந்த இடத்திலேயே எல்லா முடிச்சும் அவிழ்ந்தது மாமா. லென்ஸை வாங்கிப்போன நீ, கடையில் கொடுப்பதற்கு முன் ராசியைச் சோதித்துப் பார்க்கலாமே என்று உன்னையே எடுத்துக்கொண்டாய். முப்பத்தொன்பதாம் நாள் மணிமொழி அத்தை வீட்டிலிருந்து சம்மதம் வந்தது. இனி தாலி கட்டுகிற வரைக்கும் அது வீட்டை விட்டுப் போனால் இந்த இடமும் போய்விடும் என்று உனக்குப் பயம். புதுசைக் கொடுத்தால் அப்பா முதல் கேள்வியாகப் பழசு எங்கே என்பார், அதனால் புதுசும் பீரோவில். இல்லை என்று உன் ஊறுகாய் மேல் சத்தியம் செய் பார்க்கலாம்.

நாலு இடம் தவறியவனின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் இங்கே நடப்பதையும் கேள். ஐந்து மாதமாக அப்பா ஒரு கல்யாணப் போட்டோகூட எடுக்கவில்லை. வேறு லென்ஸில் எடுத்து அந்தப் பெண்ணுக்கு அமையாமல் போனால் பழி தன் மேல் வரும் என்கிறார். பாஸ்போர்ட் போட்டோ, ஆதார் லேமினேஷன், அவ்வளவுதான். சும்மா உட்காரும்போது லென்ஸ் துடைக்கும் துணியை எடுத்துத் தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அண்ணாச்சியின் இளைய மகள் ஜெயபாரதி அக்கா பதினாலு வெள்ளிக்கிழமையாக அதே மாம்பழக் கலர் பட்டைக் கட்டிக்கொண்டு வந்து, மோர் குடித்துவிட்டுப் போகிறாள். போன வெள்ளிக்கிழமை அண்ணாச்சி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏ முருகையா, கப்பலு வருமா, இல்ல நாம்போயி இழுத்துட்டு வரட்டா? எம்மவ சீலை நைஞ்சு போச்சுய்யா. வார திங்கக்கெழமைக்குள்ள வரலேன்னா நான் வேற எடம் பாத்துக்கிடுதேன்."

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, சும்மா பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் இந்தக் கடிதம்.

ஆகவே மாமா, இதுவே கடைசி எச்சரிக்கை. திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு ராகுகாலம் முடிகிறது, பத்தரைக்கு எமகண்டம் தொடங்குகிறது. நடுவில் உள்ள ஒன்றரை மணி நேரத்துக்குள் புது லென்ஸும் பழைய லென்ஸும் ஸ்டூடியோ மேஜைக்கு வர வேண்டும். வராவிட்டால் பேனர் விஷயம், சர்தார் பாய் வாக்குமூலம், தலைமாட்டு விஷயம் மூன்றும் மணிமொழி அத்தைக்கு வரிசையாகப் போய்ச் சேரும். சொந்த அக்காள் வீட்டு ராசியைத் திருடியவன், பெற்ற பிள்ளை போல் பார்த்த மருமகளைக் குற்றவாளி என்று ஊர் சொல்லும்போது சுண்டல் மென்றவன், நீ நன்றாக இரு.

பெரியவர்களுக்கு நமஸ்காரம், உன் மாடிவீட்டுக் குழந்தைகளுக்கு ஆசிகள், உன் பீரோ சாவிக்கு என் அன்பு முத்தங்கள். எல்லாம் வல்ல கபாலீசுவரர் உனக்கு நல்ல புத்தியும் எனக்கு என் போனும் அருள்வாராக.

உன் மேல் ஒரு கண் வைத்திருக்கும்,
அறிவுச்செல்வி

பி.கு.: மாமா, மாமா, என் செல்ல மாமா, மேலே எழுதியதெல்லாம் சும்மா விளையாட்டுக்கு. இப்போதுதான் அம்மா பரணில் ஏறினாள். வரப்போகும் தம்பி மனைவிக்கு முதல் கொலு வைக்க நம் வீட்டுச் செட்டியார் கடைப் பொம்மையைத் தரப்போகிறாளாம், நாளை ஊறுகாயோடு அந்தப் பெட்டியும் வருகிறது. அதை நீயே, தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு பிரி. செட்டியாருக்குப் பின்னால் வைக்கோலில் சுற்றி ஒரு லென்ஸ் இருக்கும். அதுதான் அப்பாவின் ராசி லென்ஸ், ஒரு கீறல் இல்லை. ஆயுத பூஜையன்று அதை எடுத்து அந்தப் பெட்டி வைக்கோலுக்குள் ஒளித்துவிட்டு, பூஞ்சை லென்ஸைப் பலகையில் வைத்து, சந்தனத்தை அப்பி, அப்பா அலறியதும் நல்லதை நீட்டி ஏமாந்தீங்களா என்று கேட்பதாகத்தான் திட்டம். அதற்குள் நீ கைக்குட்டையோடு பாய்ந்துவிட்டாய், அம்மா கொலுவைக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டாள். ஒருமுறை கட்டிய கொலுவை அடுத்த நவராத்திரிக்கு முன் யாரும் பிரிக்கக்கூடாது என்பது அவள் சட்டம். புது லென்ஸ் வந்தால் பழசை யாரும் தேடமாட்டார்கள் என்று நானும் உன் கப்பலுக்காக ஐந்து மாதம் காத்திருந்தேன். இப்போது மூன்று லென்ஸும் உன் கையில். திங்கட்கிழமை புதுசையும் நல்ல பழசையும் கொண்டுவா, சர்வீஸில் அதிசயமாகச் சரியாகிவிட்டது என்று சொல். சர்தார் பாயிடம் நீயே பேசிக்கொள். நான் உன்னைக் காட்டிக்கொடுக்கமாட்டேன், நீயும் என்னை. பூஞ்சை லென்ஸை மட்டும் விட்டுவிடாதே, கல்யாண ஆல்பம் முழுவதையும் அதிலேயே எடுக்கச் சொல். மணிமொழி அத்தை சம்மதித்தது அந்த முகத்துக்குத்தான்.