வர்ணனை அண்ணை வீட்டில் பள்ளிக்கூடம் நடத்தப் புறப்பட்ட கதை

வர்ணனை அண்ணை வாய் மூடி இருந்ததைக் கண்டவர் பாரிஸின் லா சப்பலிலேயே என்னைத் தவிர யாரும் இருக்க முடியாது. கிரிக்கெட் ஆட்டத்துக்கு வானொலியில் வர்ணனை சொல்வார்களே, அப்படி அவர் தன் வாழ்க்கைக்கே சொல்லிக்கொண்டு போவார்.

"இந்தா, அண்ணை ரூ காய் தெருவிலை திரும்புறார். முன்னாலை ஒரு புறா. புறா விலகுது. அண்ணை போறார்!"

மெட்ரோவில் பக்கத்தில் இருக்கும் பிரெஞ்சுக் கிழவிக்கும் இதே கதிதான். அவர் வேலை செய்யும் உணவகத்தில் கொத்து ரொட்டி போடுகிறவர் காதில் பஞ்சு வைத்திருப்பார். ரொட்டி கொத்தும் சத்தத்துக்காக அல்ல.

எழுந்து போகாமல் கேட்க ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள்: மகள் மதுரா, மூன்று வயது. பிள்ளைக்கு ஒரு வயதாகும் முன்பே தாய் நோயில் போய்விட்டார். அண்ணைக்கு வேலை பின்னேரம். அவர் திரும்பும்போது பக்கத்து வீட்டு அக்கா பிள்ளையை நித்திரையாக்கியிருப்பார். பகல் முழுக்க அப்பாவும் மகளும்தான். மதுரா பேசி யாரும் கேட்டதில்லை. இடைவெளி கிடைத்தால்தானே!

இந்த நாட்டில் மூன்று வயதென்றால் படிப்பு கட்டாயம்; பள்ளிக்கூடத்துக்கு இங்கே எக்கோல் என்று பெயர். அண்ணை என் சேலைக் கடைக்கு ஓடி வந்தார்.

"தம்பி, பிள்ளையை எக்கோலுக்கு விடேலாது. வீட்டிலையே படிப்பிக்கப் பதியப் போறன். நீ வந்து பிறெஞ்சிலை கதை."

"அதுக்கு அனுமதி வேணும் அண்ணை. லேசிலை தரமாட்டினம். என்ன படிப்பிப்பியள்?"

"விடிஞ்சதிலையிருந்து சொல்லிக்கொண்டுதானே இருக்கிறன். உதுக்கு மேலை என்ன படிப்பு?"

விண்ணப்பம் போட்டோம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கல்வி அலுவலகத்துக்கு நேரில் வரச் சொன்னார்கள். கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். எதிரே இருந்த அதிகாரி மதாம் பொறுமைசாலி. எந்த மொழியில் கற்பிப்பீர்கள் என்று கேட்டார்.

"வாயாலை," என்றார் அண்ணை. தமிழிலும் பிரெஞ்சிலும் என்று நான் மாற்றிச் சொன்னேன்.

தினமும் எவ்வளவு நேரம்?

"முழிச்சிருக்கிற நேரம் முழுக்க." இதை அப்படியே சொன்னேன். மதாமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு பழக வேண்டாமா என்று அவர் கேட்டபோதுதான் மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. அங்கே விளையாட்டுச் சாமான் பெட்டிக்குப் பக்கத்தில், வேறு யாரோ கூட்டி வந்த ஒரு சின்னப் பெண் இருந்தாள். மதுரா ஒரு மர பஸ்ஸைக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பாதி தமிழ், பாதி தொலைக்காட்சியில் பொறுக்கிய பிரெஞ்சு. நிறுத்தவே இல்லை. மற்றவள் ஆவென்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மது," என்று கூப்பிட்டார் அண்ணை. அவள் திரும்பவில்லை.

அப்போதுதான் அவர் வாய் மூடியது. உண்மையில் ஏன் அனுப்ப மனமில்லை என்று மதாம் மெல்லக் கேட்டார்.

"பின்னேரம் நான் வேலைக்குப் போயிடுவன். வரேக்கை அவள் நித்திரை. பகலிலை எக்கோலுக்கும் போனா..." அண்ணை என்னைப் பார்த்தார். "நான் ஆரோடை தம்பி கதைக்கிறது?"

அதையும் அப்படியே மொழிபெயர்த்தேன்.

மதாம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இந்தக் காரணத்துக்கு அனுமதி கிடைக்காது என்று ஒளிக்காமல் சொன்னார். ஆனால் முதல் வருடப் பிள்ளைகளை மத்தியானத்தோடு வீட்டுக்குக் கூட்டிப்போக இடமுண்டாம். பள்ளிக்கூடத்தில் கேட்டால் பெரும்பாலும் விடுவார்களாம்.

"வாற வருசமும் விடுவினமோ?"

"இல்லை அண்ணை. முதல் வருசம் மட்டும்தானாம்."

"அதை வாற வருசம் பாப்பம்," என்று விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

செப்டம்பரில் முதல் நாள் நானும் வாசலுக்குப் போனேன். மற்றப் பிள்ளைகள் தாய்மாரின் காலைக் கட்டிக்கொண்டு அழ, மதுரா கை கூடக் காட்டாமல் உள்ளே ஓடினாள். சாத்தப்பட்ட கதவைப் பார்த்தபடி அண்ணை நின்றார்.

"பிள்ளை உள்ளை போயிட்டுது," என்றார்.

காலையில் சேலை வாங்க யாரும் வருவதில்லை. என் கடை வழக்கமாகப் பதினொரு மணிக்குத்தான் திறக்கும். இப்போதெல்லாம் காலைப் பள்ளிக்கூட மணி அடித்த கையோடு ஷட்டரைத் தூக்கி, இரண்டு தேநீர் ஊற்றி வைத்துவிடுகிறேன். மடிக்க வேண்டிய சேலைகள் நிறையக் கிடக்கின்றன, மத்தியானம் வரை கதைத்துக்கொண்டே மடிக்கலாம் என்று அண்ணையிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.