கொக்கித் தபாலும் என் நீலச் சட்டையும்

நூலில் முடிச்சுப் போட்டே ஒரு மனிதர் என்னைக் கொன்றுவிடப் போகிறார் என்று பதினோரு நாள் மனமார நம்பியவன் நான். முட்டாள்தனத்தை ஒப்புக்கொள்வதென்றால் முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. பிறகு நீங்கள் கண்டுபிடித்துச் சிரிக்க ஒன்றும் மிச்சம் இருக்காது.

அந்த மனிதருக்குப் பெயர் கொக்கி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு இருந்திருக்கும். கொல்லிமலையில் அதை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இரண்டு காலுக்கும் இரண்டு கைக்கும் ஒரே நேரத்தில் தனித்தனி உத்தியோகம் கொடுத்த மனிதர் இந்தப் பூமியில் அவர் ஒருவர்தான். கால்கள் சர்க்கார் தபாலைத் தூக்கிக்கொண்டு மலை ஏறும். கைகள் குடைக்கம்பியை வளைத்துத் தேய்த்த ஒரு கொக்கியால் நூல் பின்னிக்கொண்டே வரும். அவருடைய குடை ஒவ்வொரு கம்பியாக இழந்து, கடைசியில் நனைந்த காக்கை மாதிரி ஆகிவிட்டது. நான் வேலை பார்த்த மர டிப்போவின் குடைக்கும் அதே கதி.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். மலைக்கு ரோடு கிடையாது. அடிவாரத்துப் பேளுக்குறிச்சியில் தபால் பையை எடுத்தால், காட்டுவழியே ஏறி, பெரக்கரை நாடு என்ற மலையூரில் இருந்த எங்கள் டிப்போவில் கொண்டுவந்து இறக்க வேண்டும். தபால் ஓட்டக்காரர் கையில் சலங்கை கட்டிய தடி இருக்க வேண்டும் என்பது விதி. சத்தம் கேட்டுக் காட்டு விலங்குகள் ஒதுங்குமாம். கொக்கிக்கோ கை ஒழியாது. சலங்கையை அவிழ்த்து முழங்காலுக்குக் கீழே கட்டிக்கொண்டார், தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தபால் வருகிற சத்தம், யாருக்கோ அருள் வந்து ஓடி வருகிற சத்தம் மாதிரி இருக்கும். மலைக்குப் புதிதாக வந்தவர்கள் முதல் நாள் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்கள். நானும் கும்பிட்டேன். அவர் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு, "பைய எறக்கி வெய்யுங்க" என்றார்.

எனக்கு அப்போது வயது இருபத்திரண்டு. டிப்போ ரைட்டர். வெட்டிய மரத்துக்கு நம்பர் போடுவது வேலை. கீழே போகிற தபால் பையைக் கட்டி அரக்கு முத்திரை வைப்பது உபரி வேலை. நான் துறையூர்ப் பக்கத்துச் சமவெளிக்காரன், மலைக்காரர்கள் பேச்சில் கீழ்நாட்டு ஆள். புறப்படும்போது என் அம்மா பத்து உருண்டை பொரிவிளங்காயும் ஒரு எச்சரிக்கையும் கட்டிக் கொடுத்தாள்.

"கண்ணு, உடுத்தின துணியில ஒரு நூலு மலைக்காரங்க கையில சிக்கினாப் போதும், முடிச்சுப் போட்டே முடிச்சுப்புடுவாங்க. சட்டையத் தொவைச்சா நீயே பக்கத்துல நின்னு காயவை."

நின்றேன். எங்கள் டிப்போவில் சட்டைக்குக் காவல் இருந்த ஒரே ரைட்டர் நான்தான். என்னிடம் இருந்ததோ ஒரே ஒரு நீலச் சட்டை, ஒரே ஒரு வெள்ளைச் சட்டை. நீலத்துக்குத்தான் காவல் அதிகம். அது புதிது.

கொக்கிக்கு அந்தக் கலை எப்படி வந்தது என்று நான் துருவித் துருவிக் கேட்டிருக்கிறேன். பயம் ஒரு பக்கம் இருந்தாலும், வேடிக்கை பார்க்கிற புத்தி எனக்குப் பிறவியிலேயே உண்டு. ஒரு மழைக்காலத்தில், மலைமேல் இருந்த ஏதோ ஒரு காப்பித் தோட்டத்துத் துரைசாணிக்கு வந்த பார்சலின் ஓரம் நனைந்து கிழிந்துவிட்டதாம். உள்ளே வெள்ளை நூலில் பூப்பூவாக ஒரு மேசைவிரிப்பு.

"எடுத்துப் பாத்தீங்களா?" என்றேன்.

"அய்யய்யோ, தபாலைத் தொடலாமுங்களா? பொத்தல் வழியா எட்டிப் பாத்தேனுங்க. ஒரு வளையத்துக்குள்ள இன்னொரு வளையம் போகுது, அவ்வளவுதான். அடிவாரத்துல பாக்க ஆரம்பிச்சேன், மேல வந்து சேர்றப்ப புரிஞ்சுபோச்சுங்க."

அதற்குப் பிறகு அவருக்கு மலையே பார்சல் ஆகிவிட்டது. எதைக் கண்டாலும் எட்டிப் பார்த்தார். புதரில் சிலந்தி வலை கட்டியிருந்தால் அன்றைக்குத் தபால் தாமதம். பலாப்பழத்தோலைப் பார்த்து முள்முள்ளாக ஒரு பின்னல். மிளகுச் சரத்தைப் பார்த்து ஒரு ஓரப் பின்னல். தேனடையை அப்படியே நூலில் கொண்டுவந்தார். அதற்காக அதன் எதிரே எவ்வளவு நேரம் நின்றார் என்பது வீங்கிய முகத்தில் தெரிந்தது.

எல்லாவற்றையும் விட அதிசயம் அவருடைய கணக்கு. ஓர் அடி எடுத்து வைத்தால் நூலில் ஒரு வளையம், ஒரு கண்ணி. ஏற்றத்தில் பல்லைக் கடித்து ஏறுவதால் கண்ணி இறுகும். சமதரையில் தளரும். ஒரு முழப் பின்னலை விரல்மேல் போட்டுக்கொண்டு சொல்வார்:

"இது பாருங்க, செங்குத்து ஏத்தம். இங்க நெகிழ்ந்திருக்குதுல்லீங்க? ஓடையில தண்ணி குடிச்சேன். இந்த முடிச்சு, கரடி."

"கரடியா?"

"ஆமாங்க. அதும் நானும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டமுங்க. ரெண்டு பேருக்கும் வேலை இருந்துச்சு, போயிட்டோம்."

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் எனக்குக் காய்ச்சல் வந்திருக்காது. அவர் போர்வை தைக்க ஆரம்பித்தார். தபால் கொடுக்கிற வீடு ஒவ்வொன்றிலும் ஒரு பழந்துணி கேட்டு வாங்குவார். கையகலத்துக்கு வெட்டி, இரண்டு மடிப்பாக வைத்து ஓட்டத்தையல் போட்டு, ஓரமெல்லாம் கொக்கிப் பின்னல் பின்னி, துண்டுக்குத் துண்டு கோத்துவிடுவார். ஊசி போகாத இடத்திலும் கொக்கி போகும் என்பார். ஒரே ஒரு கொள்கை: கிழியாத துணியைத் தொடவே மாட்டார். "நல்ல துணிய வெட்டறது பாவமுங்க. அதுவாக் கிழியோணும்."

ஒரு நாள் பையை இறக்கி வைத்தவர் என் மார்பையே உற்றுப் பார்த்தார்.

"ஏனுங்க ரைட்டருங்க, அந்த நீலச் சட்டை கிழிஞ்சாச் சொல்லுங்க. எனக்கு வேணும்."

என் அம்மா கட்டிக்கொடுத்த எச்சரிக்கை வயிற்றுக்குள் அவிழ்ந்தது. அன்றிலிருந்து தினமும் அதே விசாரணை. சலங்கை வரும், பை இறங்கும், பார்வை சட்டைக்குப் போகும்.

"இன்னும் கிழியலீங்களா?"

"இல்லை."

"பரவாயில்லீங்க. காத்திருக்கறேன்."

ஒரு மனிதர் தினமும் பொறுமையாக வந்து 'காத்திருக்கிறேன்' என்று சொல்லிவிட்டுப் போனால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டிப்போவில் சமைத்துப் போட்ட வெள்ளையம்மாளிடம் ரகசியமாகக் கேட்டேன். அவளும் அந்த மலைக்காரிதான். "அவர் துணி வாங்கி என்ன செய்கிறார்? உங்களுக்கெல்லாம் பயம் இல்லையா?"

வெள்ளையம்மாள் களிக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "கொக்கிகிட்ட என்ன சாமி பயம்? எங்களுக்குப் பயமெல்லாம் கீழ்நாட்டு ஆளுங்கன்னாத்தான். நீங்க வந்து எறங்குன அன்னிக்கு ஊரே கொடித்துணிய உள்ள எடுத்து வெச்சுதுங்க."

அதாவது, அவர்களிடமிருந்து என் சட்டைக்கு நான் காவல் இருந்தேன். என்னிடமிருந்து அவர்கள் சேலைக்கு அவர்கள் காவல் இருந்திருக்கிறார்கள். இதைக் கேட்டாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அடுத்த வாரம் முள்வேலியைத் தாண்டும்போது நீலச் சட்டையின் பின்பக்கம் சர்ரென்று போயிற்று. ஒரு முழத் துண்டு முள்ளிலேயே நின்றுவிட்டது. நான் திரும்புவதற்குள் சலங்கை வந்துவிட்டது. கொக்கி அந்தத் துண்டை முள்முள்ளாக விடுவித்து எடுத்தார். அப்படி ஒரு சந்தோஷத்தை மனித முகத்தில் நான் பார்த்ததில்லை.

"முள்ளே குடுத்துருச்சுங்க!" என்றார். அங்கேயே உட்கார்ந்து அதன் ஓரத்தில் கொக்கியைக் குத்தி, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று முணுமுணுத்தபடி முடிச்சுப் போட ஆரம்பித்தார்.

மறுநாள் எனக்குக் குளிர்க்காய்ச்சல்.

மலைக்காய்ச்சல் வராத கீழ்நாட்டான் கிடையாது. எனக்கு முன்னால் இருந்த ரைட்டருக்கும் வந்தது. அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பல் தந்தி அடிக்கும்போது தெரிந்ததெல்லாம் ஞாபகம் வருமா? வெள்ளையம்மாள் கொய்னா மாத்திரையைக் கொடுத்தால், நான் நாள் எண்ணினேன். ஒரு முழத் துண்டுக்கு எத்தனை முடிச்சு விழும், நாளைக்கு எத்தனை முடிச்சு, அப்படியானால் எனக்கு இன்னும் எத்தனை நாள் என்று வகுத்துப் பார்த்தேன். வகுத்தலில் நான் எப்போதும் பலவீனம். ஒரு தடவை ஆறு நாள் வந்தது, இன்னொரு தடவை நான் போன வியாழக்கிழமையே செத்திருக்க வேண்டும் என்று வந்தது.

"கொசு கடிச்சதுக்கு அந்த மனுசன் என்ன பண்ணுவாரு சாமி?" என்றாள் வெள்ளையம்மாள். "கொசுவுக்கும் அவருதான் தபால் போட்டாரா?"

நான் கேட்கவில்லை. பதினோராம் நாள் காலையில் எழுந்து உட்கார்ந்து, தபால் மேலதிகாரிக்கு ஒரு புகார் எழுதினேன். 'மேற்படி ஓட்டக்காரர் சர்க்கார் பையுடன் மலை ஏறும்போது நூலில் முடிச்சுகள் இட்டுவருவதோடு, பொதுஜனங்களின் வஸ்திரங்களைச் சேகரித்து, என் சட்டையின் பின்பாகத்தையும் கைவசப்படுத்தியுள்ளபடியால், அவரை உடனே வேலையிலிருந்து நீக்கி, எஞ்சியுள்ள என் உயிரைக் காப்பாற்றித் தருமாறு' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன். உறையில் போட்டு ஒட்டினேன். தபால்தலையும் ஒட்டினேன். பையில் போட்டு, வாயைக் கட்டி, அரக்கை உருக்கி முத்திரையும் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. மலையிலிருந்து தபால் இறங்குவதற்கு ஒரே வழி கொக்கி.

சலங்கைச் சத்தம் வாசலில் வந்து நின்றது. உள்ளே வந்தவர் கட்டிலில் நான் நடுங்குவதைப் பார்த்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பிறகு முதுகு மூட்டையை அவிழ்த்து, பெரிதாக எதையோ உதறி என்மேல் போர்த்தினார். பிணத்துக்குப் போடுகிற கோடித்துணியைத்தான் போடுகிறார் என்று நினைத்தேன். நான் போட்ட கூச்சலில் வெள்ளையம்மாள் கரண்டியோடு ஓடி வந்தாள்.

"குளிருதேன்னு போத்தினேனுங்க. இன்னும் ஒரு ஓரம் பாக்கி. பரவால்ல, சுடுமுங்க," என்றார் கொக்கி.

சுட்டது. கண்ணைத் திறந்து பார்த்தேன். வெள்ளை வேட்டி, செம்மண் நிறச் சேலை, மஞ்சள் கறை படிந்த துண்டு, கறுப்புக் கம்பளி, எல்லாம் படிப்படியாக, மலைச்சரிவு வயல் மாதிரி இறங்கின. நடுவே ஒல்லியாக வளைந்து போயிற்று என் நீலச் சட்டை.

"இது நம்ம மலைங்க. அது ஓடை," என்றார். "உங்க ஊர்ப் பக்கம் புளியஞ்சோலைக்கு எறங்குதே, அந்தத் தண்ணி. மூணு வருசமா ஓடை இல்லாமக் கெடந்துச்சு. நீலத்துக்கு நான் எங்க போவேன்?"

காய்ச்சல் அப்படியே இருந்தது. பயம் மட்டும் எங்கேயோ இறங்கிப் போனது. அது போன இடத்தில் வெட்கம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

"அந்தப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுக்க வேண்டும்," என்றேன்.

"முத்திரை வெச்சாச்சுங்களே."

"நான்தானே வைத்தேன்? நானே உடைக்கிறேன்."

"அதெப்படீங்க? முத்திரை விழுந்துட்டா ராசாவே வந்து கேட்டாலும் குடுக்க முடியாதுங்க."

"அது உங்களைப் பற்றிய புகார்! உங்களை வேலையிலிருந்து எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்!"

கொக்கி கையிலிருந்த நூலைச் சுற்றி மடியில் செருகினார்.

"அப்படீன்னாச் சீக்கிரமாப் போய்ச் சேரோணுமுங்க," என்றார். "என்னப் பத்துன புகார நானே தாமசம் பண்ணீட்டேன்னு பேராயிடும்."

குனிந்து சலங்கையைக் காலிலிருந்து அவிழ்த்துத் தடியில் கட்டினார். அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாக, விதிப்படி, தடியைக் கையில் பிடித்து ஓட்டமாக இறங்கியதைப் பார்த்தேன். என் புகார் மாதிரி வேகமாக அந்த மலையிலிருந்து எந்தக் கடிதமும் போனதில்லை.

பதில், ஓர் இன்ஸ்பெக்டர் உருவத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தது. பின்னாலேயே அவருடைய குடையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொக்கி.

"சாட்சியப் பொருள் எங்கே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"போர்த்தியிருக்கிறேன் சார்," என்றேன். "புகார் எழுதியது நானில்லை, காய்ச்சல். என்னை வேண்டுமானால் வேலையிலிருந்து எடுங்கள்."

அவர் போர்வையை மேசைமேல் விரித்தார். ஓரப் பின்னலில் விரல் வைத்தார். கொக்கி அவருக்கும் ஏற்றம், ஓடை, கரடி எல்லாம் காட்டிவிட்டு, பாக்கி ஓரத்துக்காக அன்றைக்கு ஏறும்போது பின்னியதையும் மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இன்ஸ்பெக்டரின் விரல் அதில் இறுகிய ஓர் இடத்தில் நின்றது.

"இங்கேதானே நான் உட்கார்ந்துவிட்டேன்?"

"ஆமாங்க. ரெண்டாவது தடவை அடுத்த முடிச்சுல."

வேலை தப்பியது. ஆனால் விதி விதிதான். 'மலை ஏறும்போது கைவேலை கூடாது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் வெறுங்கையோடு ஏறி வந்த கொக்கியைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ஆனால் அவர் டிப்போவில் பையை மாற்றிக்கொண்டு, வாசலைத் தாண்டியதும் மடியிலிருந்து நூலை எடுத்தார்.

"எறங்கறதப் பத்தி நீங்க ஒண்ணும் எழுதலீங்களே!" என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் பின்னல் எல்லாம் கொஞ்சம் தொளதொளவென்றுதான் இருந்தது.

இரண்டு வருடம் கழித்து எனக்கு மாற்றல் வந்தது. முதுகில் ஒட்டுப்போட்டு உடுத்திக்கொண்டிருந்த அந்த நீலச் சட்டையைத் துவைத்து மடித்து அவரிடம் நீட்டினேன். விரித்துப் பார்த்தார். ஒட்டைத் தடவினார். திருப்பிக் கொடுத்தார்.

"இன்னும் நல்லாருக்குதுங்களே. கிழியட்டும், அப்பறமா அனுப்புங்க."

அவர் எனக்குச் சூனியம் வைக்கவில்லை. மலையில் வேறு யாரிடமும் நீலத் துணி இல்லை. என்னிடம் இருந்தது, கேட்டார். நடந்தது அவ்வளவுதான்.

சட்டையை அவர் கையிலிருந்து வாங்கி, அவர் கண்முன்னாலேயே நானே கிழித்துக் கொடுத்தேன்.