மூன்று கொடுக்கு நண்டு

படம் பளிச்சென்று இருந்தால் போதும், அதில் இருப்பதெல்லாம் உண்மை என்று நம்பிவிடும் வியாதி எனக்கு இளமையிலேயே உண்டு. அந்த வியாதியோடுதான் பெண் கேட்கப் போனேன்.

எண்பதுகளின் தொடக்கம். மீஞ்சூரில் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருந்தேன். பழவேற்காட்டு நண்டு வியாபாரி ஏகாம்பரத்தின் மகள் செல்வியைக் கட்டிக்கொள்ள ஆசை. அவளுக்கும் சம்மதம். அவர்தான் பிடி கொடுக்கவில்லை.

"போட்டோகாரன் கறுப்ப வெளுப்பாக்குறவன். எப்படி நம்புறது?" என்றவர், ஒரு ராட்சத நண்டைக் காட்டினார். "சிங்கப்பூர் ஆளுக்குப் படம் அனுப்பணும். உள்ளது உள்ளபடி முள்ளு முள்ளா தெரியணும். எடுத்துனு வா, அப்பால பேசலாம்."

கிட்டே போய் எடுத்தால், கொடுக்கு தெளிந்தபோது ஓடு மங்கியது. ஓடு தெளிந்தபோது கொடுக்கு புகையானது. தனித்தனியாக இரண்டு படம் எடுத்து ஒரே தாளில் சேர்த்துவிட்டால் என்ன? (என் மூளை வேலை செய்த அபூர்வமான நாள்.) முடியுமா என்று பார்க்கக் கை துறுதுறுத்தது.

கொடுக்கைக் கட்டியிருந்த கயிறு அழகாக இல்லை. அவிழ்க்கப் போனேன்.

"அவுக்காதீங்க, அது சும்மா இருக்காது," என்றாள் செல்வி.

"போட்டோவுக்கு இன்னா பண்ணணும்னு எனக்குத் தெரியும்!" (அவளிடம் நான் காட்டிய முதல் வீரம். கடைசியும் அதுதான்.)

கயிற்றை அவிழ்த்துவிட்டு, கொடுக்குக்கு ஒரு படம், ஓட்டுக்கு ஒரு படம் எடுத்தேன். இருட்டறையில் ஒரு பாதியை அட்டையால் மறைத்து மறுபாதியைத் தாளில் விழவைத்து, பிறகு மாற்றி மறைத்து, ஒரே படமாக்கினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கொடுக்கின் ஒவ்வொரு பல்லும், ஓட்டின் ஒவ்வொரு புள்ளியும் அப்படியொரு தெளிவு! தலைகால் புரியவில்லை.

ஏகாம்பரம் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இன்னா தம்பி, மூணு கொடுக்கு கீது?"

எட்டிப் பார்த்தேன். முதல் படத்தில் முன்னால் நீட்டியிருந்த வலக் கொடுக்கை, அடுத்த படத்துக்குள் அந்தப் படுபாவி முதுகுக்கு மேல் தூக்கியிருக்கிறது. இரண்டும் விழுந்திருந்தன, படு தெளிவாக. தெளிவைத்தான் பார்த்தேனே தவிர, எண்ணிப் பார்க்கவில்லை. கல்யாணம் போச்சு என்று நினைத்தேன்.

உள்ளேயிருந்து செல்வி வந்து எட்டிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "ஏமாத்துறவன் மூணு கொடுக்க உன் கையிலயே கொண்டாந்து குடுப்பானா நைனா?"

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்த அனுப்பினா அடுத்த லோடும் மூணு கொடுக்காவே கேப்பான்பா!" என்றார். அடுத்த மாதமே பரிசம் போட்டார்கள்.

இன்றும் வீட்டில் நண்டுக் குழம்பு என்றால், என் தட்டில் இரண்டு கொடுக்குகளை வைத்துவிட்டு செல்வி சொல்வாள்:

"மூணாவது வேணும்னா நீங்களே பிரிண்ட் போட்டுக்குங்க."