நகரசபையில் நான் சொன்ன முதலாவது வேண்டாம்

நகரசபைத் தீர்மானம் ஒன்றை ஒரே சொல்லால் தோற்கடித்தவள் நான். அதுவும், அது நிறைவேற வேண்டும் என்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் போய்த் தோற்கடித்தவள். (ஒன்றல்ல, மூன்று மெழுகுதிரி. மாதாவும் என்னதான் செய்வா, பாவம்.)

ஜெர்மனியில், ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போகிறவர்கள் ரயில் மாறுவதற்காக மட்டும் இறங்குகிற ஊர் எங்களுடையது. அந்த ஊர்ச் சபைக்கு ஒரு பரீட்சார்த்தத் திட்டம் வந்தது. குறைந்த வருமானக்காரர் சிலருக்கு, எந்த நிபந்தனையும் இல்லாமல், சில வருடங்களுக்கு மாதந்தோறும் உறுதியான ஓர் அடிப்படை வருமானம். என் பெயர் ஏற்கனவே பட்டியலில் ஏறியிருந்தது. உறுப்பினர்கள் கை உயர்த்துவதுதான் பாக்கி.

அப்போது ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் தொழிற்சாலை ஒன்றில் படுக்கை விரிப்புகள் மடித்துக்கொண்டிருந்தேன். நாற்பத்து நான்கு வயதில் எனக்கு நூலகப் பணிக்கான அவுஸ்பில்டுங் செய்ய ஆசை வந்திருந்தது. அந்தத் தொழிற்பயிற்சிக்குத் தரும் சம்பளத்தில் எங்கள் வீட்டு வாடகை போகாது. இந்தத் திட்டம் வந்தால் படிக்கலாம், வராவிட்டால் விரிப்பு மடிக்கலாம். என் வாழ்க்கை அவ்வளவு தெளிவாக இருந்தது.

தேவாலய ஆலோசனை நிலையத்தில் பணிபுரிந்த ஃப்ராவ் ஹார்ட்விக், சபையில் பேசுவதற்கு என்னைத் தெரிவு செய்தார். "ஆதரவும் எதிர்ப்பும் சமமாக இருக்கின்றன. ஹெர் போல்மன் மட்டும் இன்னும் முடிவெடுக்கவில்லை. நல்ல மனிதர், ஓய்வுபெற்ற தபால்காரர். அவரைப் பார்த்துப் பேசுங்கள்" என்றார்.

மூன்று வாரம் ஒத்திகை பார்த்தேன். என் கணவர் அன்ரன் சோபாவில் போல்மனாக அமர்ந்து, ஒவ்வொரு தரமும் கண்ணீர் விட்டார். (அவர் விளம்பரத்துக்கும் அழுகிற ஆள். அதை நான் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.)

சபையில் என் உரை பிசகில்லாமல் நடந்தது. உழைப்பின் கண்ணியத்தைப் பற்றி நான் சொன்ன வாக்கியத்துக்கு எதிர்த்தரப்பில் ஒருவர்கூடத் தலையசைத்தார். முடிந்ததும் ஹெர் போல்மன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மிகுந்த பரிவோடு கேட்டார்:

"உங்களைப் பற்றியே கேட்கிறேன், அம்மணி. இந்தப் பணம் உங்களுக்கு வேண்டுமா?"

"நன்றி, வேண்டாம். நான் சமாளித்துக்கொள்வேன்" என்றேன்.

எங்கள் ஆட்களிடையே இது மறுப்பே அல்ல. மரியாதையுள்ள எவரும் முதற் கேள்விக்குச் சொல்லும் பதில் இதுதான். கேட்டவர் இரண்டாம் தரம் வற்புறுத்த வேண்டும். நாம் இன்னொருமுறை தயங்க வேண்டும். அதன் பிறகே வாங்கிக்கொள்ளலாம். ஜெர்மன்காரர் ஒரு தரம்தான் கேட்பார்கள் என்பதை, கோப்பி குடிக்காமலே திரும்பி வந்த பல வீடுகளில் நான் படித்திருந்தேன். ஆனால் நகரசபையும் கோப்பியைப் போலத்தான் நடக்கும் என்று யோசிக்கவில்லை.

ஆகவே புன்னகையோடு இரண்டாம் கேள்விக்காகக் காத்து நின்றேன். அவர் தலையசைத்து, தாளில் ஏதோ எழுதினார்.

பார்வையாளர் கலரியில் ஒரு கதிரை சரிந்தது.

"ஐயோ, அவ சும்மா சொல்லுறா! இன்னொருக்காக் கேளுங்கோ!" என்று அன்ரன் தமிழில் கத்தினார். பிறகு நினைவு வந்து, அதையே ஜெர்மனிலும் கத்தினார்.

தலைவி மணியை அடித்தார். "பார்வையாளர்களுக்குப் பேசும் உரிமை இல்லை."

"நான் பேசேல்லை! அவரைத்தான் கேக்கச் சொல்லுறன்!"

காவலர் ஒருவர் வந்து அன்ரனின் முழங்கையை மெல்லப் பிடித்து வெளியே கூட்டிச் சென்றார். நான் வாயைத் திறந்தபோது என் ஒலிவாங்கியை அணைத்துவிட்டிருந்தார்கள்.

தீர்மானம் ஒரே வாக்கால் தோற்றது. வெளியே ஹெர் போல்மன் என் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார். "ஆதரிக்கத்தான் வந்திருந்தேன். உங்கள் தன்மானம் என் மனத்தை மாற்றிவிட்டது."

"மிக்க நன்றி" என்றேன். (வேறென்னத்தைச் சொல்லுறது?)

ஃப்ராவ் ஹார்ட்விக் தன் குறிப்பேட்டை மூடிப் பைக்குள் வைத்தார். பிறகு, "நீங்கள் செய்ததற்குத் தமிழில் என்ன பெயர்?" என்று கேட்டார்.

"மரியாதை."

டிராமில் அன்ரன் பக்கத்தில் வந்து இருந்தார். "என்ன விசர் வேலை பாத்தனீர்?"

"அந்த மனிசன் ரெண்டாந்தரம் கேப்பாரெண்டு நினைச்சன்."

எனக்கு அழுகை வந்தது. ஆனால் எதிரே ஆட்கள் இருந்தார்கள். மூன்றாம் தரிப்பிடத்தில் அன்ரன் என் பக்கம் திரும்பினார்.

"சரி, நான் கேக்கிறன். படிக்க விருப்பமோ?"

"வேண்டாம். வீட்டுச் செலவை ஆர் பாக்கிறது?"

"படிக்க விருப்பமோ?"

"உங்களுக்கேன் கரைச்சல்?"

"எனக்குக் கரைச்சலோ இல்லையோ எண்டு நான் சொல்லுறன். நீர் கேட்டதுக்கு மறுமொழி சொல்லும். படிக்க விருப்பமோ?"

"ஓம்" என்றேன்.

பயிற்சியைப் பகுதிநேரமாகச் செய்தேன். அன்ரன் வார இறுதிகளில் வெதுப்பகம் ஒன்றில் மா பிசைந்தார். திட்டம் வந்திருந்தால் ஆகியிருக்கும் காலத்தைவிட நீண்ட காலம் பிடித்தது. அவருடைய முதுகுக்கும் அது நல்லதாக இருக்கவில்லை. அந்த இரண்டையும் நான் மறக்கவில்லை. இன்று நகரின் கிளை நூலகத்தில் வேலை செய்கிறேன். துப்பறியும் நாவல் எடுக்க வரும் ஹெர் போல்மன், வரிசையில் நிற்பவர்களிடம், "பணம் வேண்டாமென்று சொன்ன பெண்மணி இவர்தான்" என்று பெருமையோடு அறிமுகம் செய்கிறார். நான் புத்தகத்தில் முத்திரை குத்திக் கொடுக்கிறேன்.

எங்கள் வீட்டில் இப்போது எவருடைய முதற் பதிலும் செல்லாது. போன ஞாயிற்றுக்கிழமை மகள் நிஷா கேக்கின் கடைசித் துண்டை என் பக்கம் நீட்டினாள்.

"வேண்டாம் பிள்ளை, நீ சாப்பிடு."

அவள் கரண்டியால் கோப்பையில் மணி அடித்தாள். "முதலாம் வாசிப்பு முடிஞ்சுது. இனி இரண்டாம் வாசிப்பு. அம்மா, கேக் வேணுமோ?"

குசினிக்குள்ளிருந்து அன்ரன் தலையை நீட்டினார். "அவ சும்மா சொல்லுறா, குடு!"

"அப்பா, கலரியில இருக்கிறாக்கள் கதைக்கக் கூடாது" என்றாள் நிஷா.