லீவில் போன கட்டம்

செஞ்சியில் காற்று வீசினால் ஊரே வேட்டியைப் பிடிக்கும். கட்டம் சார் மட்டும் பென்சிலைப் பிடிப்பார். காற்றிடமே கணக்குக் கேட்ட ஒரே மனுஷன் அவர்தான்.

எண்பதுகளில் நான் குமாஸ்தாவாக இருந்த ஆபீசில் அவர் டிராயிங் போடுகிறவர். இன்ஜினீயரிங் பாதி படித்துவிட்டு, மெட்ராஸில் கம்ப்யூட்டரைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தவர். எதைக் கண்டாலும் கட்டமாகப் பிரிப்பார். இட்லியை நாலாக வெட்டி, சட்னி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்த பிறகுதான் வாயில் வைப்பார்.

எனக்கு ஆனியில் கல்யாணம். ராஜகிரி மலைக்கும் கிருஷ்ணகிரி மலைக்கும் நடுவே காற்று பிய்த்துக்கொண்டு வரும் மாதம். பந்தல் வாசலோ மலையைப் பார்த்து! பெண் வல்லத்துப் பெண். அவள் அக்கா கல்யாணத்தில் பந்தல் பறந்து கடலைக்கொல்லையில் உட்கார்ந்ததாம்.

"இந்த வாட்டியும் பறந்துச்சுன்னா தாலி கெடையாது மாப்ள. வேற பொண்ணு பாத்துக்குங்க" என்றுவிட்டார் வருங்கால மாமனார். எனக்கு வேறு பெண் கிடைக்காது என்பது ஆபீசுக்கே தெரியும்.

கட்டம் சாரிடம் ஓடினேன்.

"காத்து எப்படிப் போவும்னு மெட்ராஸ்ல கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்குறான். நம்மகிட்ட இன்னா இருக்குது? குமாஸ்தா இருக்கான்ல!"

ஆபீஸ் வெராண்டாவில் சாக்பீசால் பந்தலை வரைந்து பன்னிரண்டு கட்டமாகப் பிரித்தார். கட்டத்துக்கு ஓர் ஆள். வாசல் பக்கத்து ஆட்களுக்குக் காற்றின் அழுத்தத்தை அவரே கொடுத்தார். மற்றவர்கள் சுற்றியிருப்பவர்களின் எண்ணைக் கேட்டு, சராசரி போட்டுக் கத்த வேண்டும். எண் மாறாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்ப. ஐந்து நாள் சாப்பாட்டு நேரம் இப்படிப் போனது.

"உன்து எவ்ளோ?"

"ஏழரை."

"இப்பதான ஒம்போதுன்ன?"

"அது சாப்பிட்றதுக்கு முன்னாடி!"

ஐந்தாம் நாள் சார் குதித்தார். "பந்தல் நிக்கும்யா!" அப்போதுதான் கவனித்தோம். மணவறைக்குப் பின்னால் ஒரு கட்டம் காலி. அதில் நிற்க வேண்டிய பஷீர் பாய் இரண்டு நாளாக ஆபீசுக்கே வரவில்லை. அவர் எண்ணைப் பூஜ்யம் என்று போட்டுக்கொண்டே போயிருக்கிறோம்.

மறுநாள் வந்தவரை எல்லோரும் சூழ்ந்துகொண்டோம். "பாய், இன்னா வேல பண்ணீங்க?"

"நான் இன்னா பண்ணேன்? லீவு லெட்டர் குடுத்துட்டுத்தான போனேன்!"

பாயை நிற்க வைத்து மறுபடி போட்டோம். கணக்கில் பந்தல் பறந்தது. பாயை டீ குடிக்க அனுப்பிப் போட்டோம். நின்றது.

சார் அந்தக் காலிக் கட்டத்தையே வெறித்தார். "பாய் இருந்தா பறக்குது, இல்லன்னா நிக்குது. அப்போ அந்த எடத்துல எதுவுமே இருக்கக் கூடாது!" நேரே பந்தலுக்குப் போய், மணவறைக்குப் பின்னாலிருந்த கீற்றுத் தட்டியைப் பிடுங்கி எறிந்தார்.

மாமனார் பதறினார். "கல்யாணப் பந்தல்ல ஓட்டையா?"

"காத்து உள்ள வர்றதுக்கு வாசல் வெச்சீங்களே, வெளிய போறதுக்கு வெச்சீங்களா? வழி இல்லன்னா கூரையத் தூக்கினுதான் போவும்."

முகூர்த்த நேரத்தில் வந்தது பாருங்கள் காற்று! வாசலில் நுழைந்து, ஓமப்புகை மொத்தத்தையும் என் முகத்தில் அப்பிவிட்டு, ஓட்டை வழியாகப் போயே போய்விட்டது. பந்தல் நின்றது. தாலி கட்டினேன், தாரைதாரையாக அழுதுகொண்டே. "மாப்ள இன்னாமா உருகுறாரு!" என்று மாமனார் பூரித்துப்போனார். ஆல்பம் முழுக்க நான் அழுதுகொண்டுதான் இருக்கிறேன்.

ஒரு படத்தில் மட்டும், எங்களுக்குப் பின்னால், பாயின் கட்டத்தில் கட்டம் சார் நிற்கிறார். ஒரு கையில் காற்று பார்க்க நூல். கணக்கில் தப்பே வராது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மனுஷன், இன்னொரு கையால் பந்தல் காலை இறுக்கிக் கட்டிப்பிடித்திருக்கிறார், கண்ணை மூடிக்கொண்டு.