திருச்சியிலிருந்து கிளம்பாத விமானம்

திரையில் நீலக் கோடு பாதி தூரம் வந்து நின்றுவிட்டது. அழகேசன் சின்ன வெங்காயத்தை உரித்தபடி அதை முறைத்தார். சும்மா காத்திருக்க அவருக்கு வராது. கைக்கு ஏதாவது வேலை வேண்டும்.

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு அது; கோடு கடைசிவரை போனால்தான் திறக்கும். அரியலூர் சிமென்ட் ஆலையில் லாரிகளை அனுப்பும் அழகேசன், ஞாயிறு மாலை பெரம்பலூர் வீட்டில் விமானியாகிவிடுவார். திட்டம் அப்படித்தான். ஏழு மணிக்கு மகளின் ஆன்லைன் டியூஷன் முடிந்து கம்ப்யூட்டர் அவர் கைக்கு வரும். ஏழேகாலுக்கு நண்பர் குழுவின் விமானங்கள் திருச்சியிலிருந்து சென்னைக்குக் கிளம்பிவிடும். நீலக் கோட்டுக்கு அந்த அவசரமெல்லாம் கிடையாது.

போனில் குழுத்தலைவர் வேணுகோபால் கூப்பிட்டார்.

"சார், பெரம்பலூருக்கு மேல போயிட்டிருக்கோம். நீங்க எங்க இருக்கீங்க?"

"பெரம்பலூர்லதாங்க."

"வானத்துலயா?"

"ஹால்ல."

வேணுகோபால் பெருமூச்சு விட்டார். "அடுத்த ஞாயிறும் இப்படின்னா வேற ஆளச் சேத்துக்குவோம். தப்பா நெனைக்காதீங்க."

நிஜ விமானத்தில் அழகேசன் ஏறியதே இல்லை. சொந்த ஊரை ஒரு தடவையாவது மேலிருந்து, நாலு பேரோடு சேர்ந்து பார்த்துவிட வேண்டும் என்று அப்படியொரு ஆசை.

சோபாவில் காபி குடித்துக்கொண்டிருந்த மனைவி சத்யாவுக்கே பாவமாகிவிட்டது. "டிஸ்க்க மாத்திப் பாருங்களேன். ஆகிப்போட கம்ப்யூட்டர் கடையில கேளுங்க, நம்பிக்கையான பையன்."

குக்கர் கேஸ்கட் வாங்க நாலு கடை ஏறி இறங்குபவள் இவ்வளவு சுலபமாகச் சொன்னதில் அழகேசன் நெகிழ்ந்துபோனார்.

மறுநாள் கடையில், கல்லாவில் இருந்த ஆகிப்பின் மனைவி அஃப்ஷான், "சத்யாக்கா சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு பில் போடத் திரும்பிக்கொண்டாள்.

"எஸ்.எஸ்.டி.னு ஒரு வேகமான டிஸ்க் இருக்காமே, அதப் போட்டா கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள விளையாட்டு வந்துருமாமே தம்பி?"

ஆகிப் தலையைச் சொறிந்தான். "நம்மூர் வெயிலுக்கு அது தாங்காதுண்ணே. பெரிய ஹார்ட் டிஸ்க்கா போடுங்க."

பெரிய டிஸ்க் வந்தது. இடம் கிடைத்த குஷியில் நாட்டிலுள்ள விமான நிலையங்களையெல்லாம் இறக்கி நிரப்பினார் அழகேசன். சோதித்துப் பார்த்த அன்று, விளையாட்டு திறப்பதற்குள் கொடித் துணி முழுவதையும் மடித்து முடித்திருந்தார்.

"பாரம் ஜாஸ்தியாயிருச்சுண்ணே," என்றான் ஆகிப். "பாதிய வெளிய மாட்டுற டிஸ்க்குக்கு மாத்திருவோம்."

அந்த டிஸ்க் வந்த அன்று அழகேசன் இட்லி மாவு அரைத்து, கிரைண்டரையும் கழுவிக் கவிழ்த்தார். கோடு இன்னும் முக்காலைத் தொடவில்லை.

"பாவம், உங்களுக்குன்னு இருக்கறது இந்த ஒரு ஆசை," என்று சத்யா காபியை உறிஞ்சினாள். "அந்தக் கீரைய ஆஞ்சிடுங்க, அதுக்குள்ள வந்துரும்."

சனிக்கிழமை அழகேசன் கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். "வெயிலோ மழையோ, எனக்கு எஸ்.எஸ்.டி.தான் வேணும்."

ஆகிப் அஃப்ஷானைப் பார்த்தான். அஃப்ஷான் பில்லைப் பார்த்தாள். ஞாயிறு டியூஷனுக்குச் சற்று முன்புதான் கம்ப்யூட்டர் வீடு திரும்பியது.

ஏழு மணிக்கு ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்தார். தட்டியதும் திறந்துகொண்டது. அழகேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. விமானத்தின் படத்தைத் தட்டினார்.

அதே நீலக் கோடு.

பீன்ஸ் நறுக்கினார். பூண்டு உரித்தார். தேங்காய் துருவும்போது வேணுகோபாலின் செய்தி வந்தது: 'சென்னையில் இறங்கிவிட்டோம். உங்கள் இடத்தில் சேலத்துக்காரர் ஒருவர் சேர்ந்திருக்கிறார்.'

மறுநாள் ஆலையில் கம்ப்யூட்டர் பார்க்கும் இளையபெருமாளிடம் அழகேசன் விசாரித்தார். மாலையில் நேராக ஆகிப் கடைக்குப் போனார்.

"ஏன் தம்பி, விண்டோஸ மட்டும் புதுசுல போட்டுட்டு, விளையாட்டப் பழைய டிஸ்க்குலயே விட்டிருக்கியாமே. தெரியாம செஞ்சியா, தெரிஞ்சே செஞ்சியா?"

ஆகிப் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை உற்றுப் பார்த்தான். அஃப்ஷான்தான் பில்லிலிருந்து நிமிர்ந்தாள்.

"அவரத் திட்டாதீங்கண்ணே. வேகமா தொறக்குற எதையும் மாட்டிராதீங்கன்னு சத்யாக்காதான் சொன்னாங்க. அந்தக் கோடு நகர்ற நேரத்துலதான் கல்யாணமானதுலேருந்து மொத மொறையா ஒக்காந்து காபி குடிக்கிறாங்களாம்."