கோடையைத் தாண்டாத செடி

செடி வாடத் தொடங்கியிருந்தது. அம்மா ரயிலேறிப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை.

பெல்மிரு சமையலறை ஜன்னலருகே குனிந்து நின்றான். அந்தோணியார் திருவிழாவுக்குக் கடைகளில் விற்கிற மஞ்செரிக்கோ அது. திருநீற்றுப்பச்சையின் குட்டித் தங்கை மாதிரி பொடிப்பொடி இலைகளோடு, பந்துபோல் உருண்டையாக இருக்கும். இப்போது அந்தப் பந்தில் ஒரு பக்கம் காற்று இறங்கியிருந்தது. நடுவில் செருகியிருந்த காகிதப் பூ மட்டும் வாங்கிய அன்று இருந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தது.

"மூக்கை வச்சு மோந்து பாத்தியா?"

எதிர்வீட்டு குஸ்தோதியா கதவைத் தட்டும் பழக்கம் இல்லாதவள். உள்ளே வந்து இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

"இல்லை அத்தை. உள்ளங்கையால தடவி, கையைத்தான் மோந்தேன்."

"பொய் சொல்லாதே. மூக்கு பட்டாத்தான் இப்படி ஆகும். லிஸ்பன்ல பொறந்த பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும்."

பெல்மிரு மூக்கைத் தேய்த்துக்கொண்டான். முந்தின நாள், யாரும் பார்க்காதபோது, ஒரே ஒரு முறை மூக்கு பட்டிருந்தது.

"உங்கம்மா ஊருக்குப் போறப்ப என்ன சொன்னா? செடியை குஸ்தோதியா பாத்துப்பா, நீ கையை வைக்காதேன்னு சொன்னாளா இல்லையா?"

"சொன்னாங்க. ஆனா இந்த வருஷம் நானே பாத்துக்கறேன். நீங்க வழி மட்டும் சொல்லுங்க."

குஸ்தோதியா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு தோளைக் குலுக்கினாள். "சரி. தண்ணி ஜாஸ்தியாயிடுச்சு. நிறுத்து."

அவன் நிறுத்தினான்.

அவன் கவலைக்குக் காரணம் இருந்தது. ஆறு வருடங்களுக்கு முன்னால், திருவிழா இரவில், மத்தி மீன் சுடும் புகைக்கு நடுவே, ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர் அபிலியு கையில் ஒரு மஞ்செரிக்கோவோடு அவன் அம்மா தெயோலிந்தாவின் முன் மண்டியிட்டார். இருவருமே துணையை இழந்தவர்கள். தெரு முழுக்க நின்று பார்த்தது. தெயோலிந்தா சிவந்த முகத்தோடு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"இந்தச் செடி கோடையைத் தாண்டட்டும். மறு மாசமே கல்யாணம்."

தெரு கைதட்டியது. செடி ஜூலையில் செத்தது.

அடுத்த ஜூனில் அபிலியு இன்னொன்று வாங்கி வந்தார். அதுவும் செத்தது. அதற்கடுத்ததும், அதற்கடுத்ததும். இப்போது ஜன்னலருகே வாடுவது இந்த ஜூனில் அவர் வாங்கி வந்தது. ஒவ்வொரு முறையும் ஞாயிற்றுக்கிழமை கேக் பெட்டியோடு அவர் துக்கம் விசாரிக்க வருவார். இரண்டு பேரும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் உள்ளிருந்து வரும். அழுகை என்றுதான் பெல்மிரு நினைத்திருந்தான்.

ஒருமுறை குஸ்தோதியா தன் கணவனைப்பற்றிப் புலம்பியபோது தெயோலிந்தா சொன்னாள்: "காதலிக்கிறவன் கேக் வாங்கிட்டு வருவான். அவனையே கட்டிக்கிட்டா, கேக் எங்கேன்னு கேப்பான். நான் என்ன பண்ணட்டும், எனக்குத்தான் கொடுப்பினை இல்லையே." எவ்வளவு ஏக்கம் அந்தக் குரலில், என்று பெல்மிரு அன்று இரவு தூங்கவில்லை.

அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு அவன் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. இதை அவன் தன் காதலி நடேர்சியாவிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடமே ஆகியிருந்தது. பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிற அவளை இப்போது கோயிம்ப்ரா நகரத்துக் கிளைக்கு மாறும்படி கேட்டிருந்தார்கள்.

"கோடை முடியறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லு," என்றாள். "இல்லைன்னா நான் கிளம்பறேன்."

"செடி பிழைச்சிட்டா அம்மாவுக்குக் கல்யாணம். அம்மாவுக்குக் கல்யாணம் ஆனா நமக்கும்."

"அப்ப நான் வாழப்போறது உன்னோடயா, தொட்டியோடயா?"

தண்ணீரை நிறுத்தியதில் இலைகள் உதிரத் தொடங்கின. மேசைமேல் பச்சைத் தூள் தூவியதுபோல் இருந்தது.

"வெயில் பத்தலை," என்றாள் குஸ்தோதியா. "பால்கனியில வை. மத்தியான வெயில்ல."

ஜூலை மத்தியானத்தில் அந்தப் பால்கனியின் இரும்புக் கம்பியில் கை வைத்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். மாலையில் பெல்மிரு அலுவலகத்திலிருந்து வந்தபோது செடியின் ஒரு பாதி சீயக்காய் நிறத்தில் இருந்தது.

"சத்து போதலை," என்றாள் குஸ்தோதியா, கொஞ்சமும் அசராமல். "கருவாடு ஊறவச்ச தண்ணி ஊத்து."

"கருவாட்டுத் தண்ணியா?"

"உங்கம்மா வருஷாவருஷம் அதைத்தான் ஊத்தறா."

அம்மாவே ஊற்றுவது என்றால் அப்புறம் என்ன. பெல்மிரு நல்ல தடிமனான காட் மீன் கருவாடாகப் பார்த்து வாங்கி, ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரைப் பக்தியோடு ஊற்றினான். மறுநாளும் ஊற்றினான். கருவாட்டை வீணாக்க மனமில்லாமல் இரண்டு நாளும் அதையே சாப்பிட்டான்.

மூன்றாம் நாள் தெருப்பூனைகள் பால்கனிக்கு வந்தன. தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து, உள்ளே புதைத்து வைத்த மீன் எப்போது முளைக்கும் என்று காத்திருப்பதுபோல் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு கிழட்டுப் பூனை தோண்டிப் பார்க்கவும் தொடங்கியது.

அன்று மாலை நடேர்சியா வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"பெல்மிரு, வீட்டுக்குள்ள துறைமுகம் கட்டறியா?"

"செடிக்குச் சத்துத் தண்ணி."

அவள் தொட்டியைத் தூக்கிப் பார்த்தாள். மண்மேல் வெள்ளையாகப் பொரிந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்பு! உப்புத் தண்ணி ஊத்தினா எந்தச் செடிடா பிழைக்கும்? யார் சொன்னது உனக்கு?"

"அம்மா எப்பவும் இதைத்தான்…" பெல்மிரு பாதியில் நிறுத்தினான். மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தான். கண் கலங்கியது. "பாவம் அம்மா. ஆறு வருஷமா தன் கையாலேயே தன் கல்யாணத்தைக் கொன்னிருக்காங்க. அவங்களுக்குத் தெரியவே இல்லை."

"அப்புறமா அழு. முதல்ல வாளியை எடு."

நடேர்சியா தொட்டியைக் கவிழ்த்து மண்ணோடு செடியை வெளியே எடுத்தாள். ஒரு செடி இல்லை, நாற்று நாற்றாக ஒரு கூட்டமே இருந்தது. காலை நேர டிராமில் ஏறியவர்கள்போல ஒன்றின் காலை ஒன்று மிதித்துக்கொண்டு நின்றது.

"கடைக்காரன் பாக்கறதுக்கு அடர்த்தியா இருக்கட்டும்னு இப்படி நெருக்கி விதைச்சிருக்கான்," என்றாள். "உப்பு இல்லைன்னாலும் இதுங்க ஒண்ணையொண்ணு சாப்பிட்டே செத்திருக்கும்."

வேரை நல்ல தண்ணீரில் அலசினார்கள். முள்கரண்டியால் பிரித்தார்கள். வீட்டிலிருந்த காபிக் கோப்பைகள் எல்லாவற்றின் அடியிலும் துளை போட்டு, புது மண் நிரப்பி நட்டார்கள். அம்மாவின் கல்யாணச் சீராக வந்த கோப்பைகளும் அதில் போயின. அடுத்தடுத்த நாட்களில் கோப்பைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. சுண்டுவிரல் உயரம். ஆனால் அதன் உச்சியில் புதிதாக இரண்டு இலைகள் விட்டிருந்தன.

ஆபத்து வேறு ரூபத்தில் வந்தது. குஸ்தோதியா கையில் கிண்ணத்தோடு காலையும் மாலையும் வரத் தொடங்கினாள்.

"நீ வேலைக்குப் போறவன். நானே ஊத்திட்டுப் போறேன், நகரு."

"வேண்டாம் அத்தை."

"உங்கம்மாவுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கேன்டா!"

நல்ல மனசுதான், ஆனால் விஷயம் தெரியாதவள். அவள் மனம் நோகக் கூடாது என்று பெல்மிரு பொய் சொன்னான். "செடி போயிடுச்சு அத்தை."

"அப்பாடா!" என்றாள் குஸ்தோதியா. உடனே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "அதாவது, ஐயோ பாவம். நான் உங்கம்மாவுக்குப் போன் பண்ணிப் பக்குவமாச் சொல்லிடறேன்."

சொல்லட்டும், என்று பெல்மிரு விட்டுவிட்டான். திரும்பி வரும்போது அம்மாவின் ஆனந்தம் இரண்டு மடங்காக இருக்கும்.

அதற்குப் பிறகு செடி வீட்டில் தங்கவில்லை. தினமும் காலையில் சாப்பாட்டுப் பைக்குள் ஒளிந்து, குஸ்தோதியாவின் கதவைத் தாண்டி, அவனோடு குடிநீர் அலுவலகத்துக்குப் போனது. புகார்ப் பிரிவில் அவன் மேசைமேல், காலை வெயில் மட்டும் படும் ஜன்னலோரம் உட்கார்ந்தது. தட்டில் தண்ணீர் வைத்தால் அடியிலிருந்து தானே குடித்துக்கொண்டது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று புகார் சொல்ல வந்தவர்கள் அந்தத் தட்டை முறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் மேலதிகாரி வந்தார். பெரிய மூக்கு. குனிந்தார்.

"சார், கையால!" என்று பெல்மிரு பாய்ந்து, அந்த மூக்கையே கையால் மூடிவிட்டான். விளக்கம் கேட்டு ஓலை வந்தது. கோடை முடிந்ததும் பதில் தருவதாக எழுதிக் கொடுத்தான்.

ஆகஸ்ட் முடிவதற்குள் சின்னச் செடி கிளைத்து, கிளைகள் கிளைத்து, பழையபடி ஒரு பந்தாகிவிட்டது. கடையில் வாங்கியதைவிட அழகான பந்து. பெல்மிரு அதைப் பழைய தொட்டிக்கே மாற்றி, எடுத்து வைத்திருந்த காகிதப் பூவை நடுவில் செருகினான்.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெயோலிந்தா ஊரிலிருந்து திரும்பினாள். அவள் பார்த்துக்கொள்ளப் போயிருந்த அக்கா, இடுப்பு அறுவைச்சிகிச்சை முடிந்து நடக்கத் தொடங்கியிருந்தாள். ரயிலடியிலிருந்து பெட்டியைத் தூக்கி வந்தவர் அபிலியு. இன்னொரு கையில் கேக். துக்கம் விசாரிக்கிற நாள் அல்லவா.

நடேர்சியா நல்ல சட்டை போட்டு வந்திருந்தாள். குஸ்தோதியா வழக்கம்போல் கதவைத் தட்டாமல் வந்து நின்றாள். மேசை நடுவே ஒரு பெரிய பாத்திரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"என்னடா இது, சாப்பாடா?" என்றாள் தெயோலிந்தா. "போனது போகட்டும், செடிக்காக மனசு கஷ்டப்படாதே. கடவுள் விட்ட வழி. அடுத்த ஜூன்ல இவர் இன்னொண்ணு வாங்கிட்டு வருவார்."

"கண்டிப்பா வாங்கிட்டு வருவேன்," என்றார் அபிலியு, முகத்தில் பொறுமையான சோகத்தோடு. அவர் கை ஏற்கெனவே கேக் பெட்டியின் ரிப்பனை அவிழ்த்துக்கொண்டிருந்தது.

பெல்மிரு பாத்திரத்தைத் தூக்கினான்.

ஜன்னல் காற்றில் பச்சைப் பந்து லேசாக ஆடியது. வாசனை அறை முழுக்கப் பரவியது.

"இது… புதுசா வாங்கினதா?" என்றாள் தெயோலிந்தா.

"ஜூன்ல வாங்கினதேதான்மா! கோடை தாண்டிடுச்சு!" பெல்மிரு ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்துக் கத்தினான். "தாண்டிடுச்சு!"

தெருவுக்கு ஆறு வருடப் பாக்கி. எதிர் ஜன்னல்கள் படபடவென்று திறந்தன. "வாழ்த்துகள்! எப்ப கல்யாணம்?" என்று யாரோ கத்தினார்கள். கீழே காபிக் கடையில் கைதட்டினார்கள். நடேர்சியா பெல்மிருவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தெயோலிந்தா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். அபிலியுவின் கையிலிருந்து கேக் பெட்டி நழுவி மேசைமேல் சாய்ந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் சேர்ந்தாற்போல் திரும்பி, குஸ்தோதியாவைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் முறைக்கிறீங்க?" என்றாள் குஸ்தோதியா. "கல்யாணம் நடந்துடக் கூடாதுன்னு ஆறு வருஷமா நீங்க ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கிட்டு ஊத்தினீங்களே, அதே கருவாட்டுத் தண்ணியைத்தான் நான் இவனையும் ஊத்தச் சொன்னேன்!"